வலை பின்னும் கடற்கரை

சென்னைக்கு யாத்திரையாக வருகிறவர்கள் மயிலாப்பூர்க் கோபுரத்தைத் தரிசிக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதியைச் சேவிக்கிறார்கள். மாலையில் மெரினா மணலில் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நகரத்தின் வடபாகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "துறைமுகம் இருக்கிறது, புகைபோக்கிகள் இருக்கின்றன, லாரிகள் இருக்கின்றன" என்று பதில் வரும். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் முழுமையும் அன்று. ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரையில் நீண்டு கிடக்கும் அந்தக் கடற்கரையில், மிகப் பழைய கைத்தொழில் ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்கு வேண்டிய கருவிகள் இரண்டே: ஓர் ஊசி, ஒரு சிறு பலகை. வலை பின்னும் அந்தத் தொழிலைக் கண்ணால் காண்பதற்கென்றே கோடை விடுமுறையில் ஒரு நாள் காலையில் புறப்பட்டோம்.

பிரயாணத்தை ராயபுரம் ஸ்டேஷனில் தொடங்குவதுதான் முறை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அக்காலத்துத் தூண்களோடு கூடிய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஸ்டேஷனைவிட ஊரின் பெயர் நமக்கு அதிக சுவாரஸ்யமாயிருந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பீட்டரை இராயப்பர் என்று அழைப்பார்கள். இங்கே குடியேறிய கிறிஸ்தவப் படகுக்காரர்கள் அவர் பெயரால் ஆலயம் கட்டினார்கள். அவரே ஊருக்கும் பெயர் கொடுத்தார் என்பர். இராயப்பர் செம்படவர். இயேசுநாதர் அழைத்தபோது அவர் வலை வீசிக்கொண்டிருந்தார் என்றும், சற்றுத் தூரத்தில் வேறு இருவர் படகில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர் என்றும் விவிலியம் சொல்லும். வலைக்கும் இந்த ஊருக்கும் பெயரளவிலேயே பந்தம் உண்டு என்று சொல்லலாம்.

அந்தப் படகுக்காரர்கள் ஓட்டியவை மசூலாப் படகுகள். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன் கப்பல்கள் தூரத்திலே நங்கூரமிட்டு நிற்கும். அலைகளைத் தாண்டி மனிதரையும் மூட்டைகளையும் கரைக்குக் கொண்டு வந்தவை இப்படகுகளே. அவற்றில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இரும்பைவிட நூலை நம்பி வாழ்ந்த ஜனங்கள் இவர்கள் என்பதை இங்கேயே மனத்தில் வாங்கிக்கொண்டு வடக்கே நடந்தோம்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அன்று மீன் வியாபாரக் கூச்சல் குறைவு. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் இனம் பெருக்குவதற்காக விட்ட இடைவெளி அது. படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாக ஓய்வெடுத்தன. ஆனால் மனிதர்கள் ஓய்வெடுக்கவில்லை. பச்சையும் நீலமுமான வலைகள் குன்று குன்றாகக் குவிந்து கிடக்க, ஒவ்வொரு குன்றையும் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசல்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஊசி நம் வீட்டுத் தையலூசியைப் போன்றதன்று. ஒரு சாணுக்குக் குறைவான நீளம், தட்டையான உடல், நடுவில் ஒரு திறப்பு, அத்திறப்பிற்குள் ஒரு நாக்கு. அந்த நாக்கைச் சுற்றி நூலை நிரப்பிக்கொள்வார்கள். முன்பு மூங்கிலில் சீவினார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. மற்றொரு கருவியான பலகை, வலைக்கண்ணின் அளவைக் காப்பது. நூலைப் பலகையின் மேல் சுற்றி எடுத்து, மேல் வரிசைக் கண்ணிக்குள் ஊசியைக் கீழிருந்து நுழைத்து, பலகையின் விளிம்போடு சேர இழுத்துக் கட்டைவிரலால் அழுத்தவேண்டும். பிறகு நூலை இடப்புறம் ஒரு வளையமாக வீசி, ஊசியைக் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் செலுத்தி, அந்த வளையத்தின் வழியே வெளியே எடுத்து இறுக்கினால் முடிச்சு விழும். சொல்வதற்கு இத்தனை வாக்கியங்கள் ஆயின. அவர்கள் செய்து முடிக்க ஐந்து விநாடி கூட ஆகவில்லை.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே செல்கிறது. கடலை ஒட்டி என்று சொன்னோமே தவிர, கடற்கரையை ஒட்டி என்று சொல்லவில்லை. பல இடங்களில் கரை என்பதே இல்லை. கருங்கல் குவியல், அதன்மேல் மோதும் அலை, அவ்வளவுதான். இந்தக் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, அந்த மணல் தெற்கே தடைபட்டு நின்றது. மெரினா அகன்றது; வடக்கே கரை கரைந்தது. நகரத்தார் உலாவுவதற்குக் கிடைத்த மணல், வடசென்னைக் குப்பங்கள் இழந்த மணல் என்று சொன்னால் மிகையாகாது. வலைக்காரனுக்கு மணல் வேடிக்கையன்று. வலையை விரித்து உலர்த்துவதும், கிழிசல் பார்ப்பதும், பின்னுவதும் அதன்மேல்தான். மணல் போன இடங்களில் வலைகள் தெருவோரத்தில் கிடப்பதைக் கண்டோம்.

திருவொற்றியூருக்குள் நுழைவதற்கு முன் காலடிப்பேட்டையில் சற்று நின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1717 முதல் 1720 வரை, சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. 'காலெட் பேட்டை' ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் அங்கே பூஜையோடு விளங்குகிறது. நெசவுக்கும் வலைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அதை ஒட்டப் போடும் முடிச்சும், வலைஞர் கண்ணிக்குக் கண்ணி போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு கூட்டத்தார் விரல்களில் ஒரே முடிச்சு விளையாடியிருக்கிறது!

ஒற்றியூரில் தியாகராஜ சுவாமியைத் தரிசித்துவிட்டுக் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதிக்கும் சென்றோம். பெருஞ்செல்வராயிருந்த அவர், காது அறுந்த ஊசி ஒன்றைக் கண்டு உலகப் பற்றைத் துறந்தார் என்பது நாம் சிறு வயதில் கேட்ட கதை. ஊசியைக் கண்டு துறவு பூண்ட ஞானியின் சமாதிக்கு அருகிலேயே, ஊசியைக் கொண்டு குடும்பத்தைக் காத்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இந்த ஊரில் இடம் இருந்திருக்கிறது.

வெயில் தாழ்ந்த வேளையில் எண்ணூர் போய்ச் சேர்ந்தோம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் இது. 1806-ஆம் வருஷத்திலேயே சென்னையிலிருந்து இவ்வூர் வரையில் கால்வாய் வெட்டிவிட்டார்கள். பிறகு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது அதன் தொடர்ச்சிதான். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் உல்லாசமாகப் பொழுது போக்க வந்த இடம் என்றால் இன்று நம்புவது கடினம். சுற்றிலும் மின்சார நிலையங்கள், துறைமுகங்கள், நிலக்கரி, சாம்பல். நடுவில் முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் என்று மீனவர் ஊர்கள்.

ஒரு குப்பத்தில், வீட்டுத் திண்ணையில், ஜன்னல் கம்பியில் வலையின் முனையை மாட்டிக்கொண்டு பெரியவர் ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கலாம். காசிமேட்டில் பார்த்தது கிழிசல் அடைக்கும் வேலை. இது முதலிலிருந்து முழு வலை.

"இன்னா சார் பாக்கறீங்க? ஒக்காருங்க" என்றார்.

"இது என்ன வலை, பெரியவரே?"

"வீச்சு வலை சார். மடவைக்கு. ஆத்துல முட்டளவுத் தண்ணில நின்னு வீசறது."

வீச்சு வலையை நேயர்கள் படத்திலாவது பார்த்திருப்பார்கள். மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, உடம்பைத் திருப்பி ஒரு சுழற்று சுழற்றி விட்டால், வட்டமாக விரிந்து விழும். ஓரத்தில் கோத்த ஈயக் குண்டுகள் அதைத் தரைக்கு இழுத்துச் செல்லும். கயிற்றை இழுத்தால் ஓரங்கள் ஒன்றுகூடி, மீன் உள்ளே சிக்கும். சிவபெருமானே செம்படவராகி வலை வீசியதாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறதல்லவா?

நாம் கவனித்தது அது பின்னப்படும் விதத்தை. உச்சியில் சில கண்ணிகளோடு தொடங்குகிறது. பிறகு சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது. சில சுற்றுகளுக்கு ஒரு முறை, குறிப்பிட்ட இடங்களில் ஒரு கண்ணியை அதிகமாகச் சேர்க்கிறார். அவ்வாறு சேர்க்கச் சேர்க்க வலை அகலுகிறது. எங்கே சேர்ப்பது, எத்தனை சேர்ப்பது என்பதற்குக் காகிதமும் இல்லை, கணக்கும் இல்லை. கை எண்ணிக்கொள்கிறது.

இதைக் கண்டவுடன் வேறொரு தேசத்தின் கைவேலை நினைவுக்கு வந்தது. துருக்கியில், அனடோலியாக் கிராமங்களில், பெண்கள் கம்பளி நூலால் வீட்டுக்குள் அணியும் பாதரட்சை பின்னுவார்கள். 'பாத்திக்' என்று அதற்குப் பெயர். நம் பெண்மணிகள் குழந்தைக்குக் காலுறை பின்னும்போது வழக்கமாகக் கணுக்காலில் தொடங்கி விரல் நுனியில் முடிப்பார்கள். துருக்கியின் பழைய முறை இதற்கு நேர்மாறு. விரல் நுனியில் சில கண்ணிகளோடு தொடங்கி, ஐந்து ஊசிகளை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பின்னி, கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே பாதத்தின் அகலத்திற்கு வருவார்கள். நூல் தளராமலிருக்கக் கழுத்தைச் சுற்றி விட்டுக்கொள்வதும் உண்டு. துருக்கிக் கிழவியின் பாதரட்சைக்கும் எண்ணூர்க் கிழவரின் வலைக்கும் பிறவி ஒன்றுதான்: நுனியில் பிறந்து, சுற்றில் வளர்ந்து, கூட்டலால் அகல்வது.

ஒரு வித்தியாசம் உண்டு. பாதரட்சையில் கண்ணிக்குள் கண்ணி கோத்திருக்கிறதே தவிர முடிச்சு இல்லை. அதனால் பாதத்திற்கு இசைந்து நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் முனை நூல் ஒன்று அவிழ்ந்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகும். வலையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே முடிச்சிட்டது. சுறா ஒன்றைக் கடித்தாலும் அடுத்த கண் தன் இடத்தை விட்டு நகராது. இந்த முடிச்சு மனிதனுக்கு வாய்த்துப் பல ஆயிரம் வருஷங்கள் ஆயின. பின்லாந்தின் பழைய எல்லைக்குள் அடங்கியிருந்த அன்டிரியா என்னும் இடத்தில், 1913-இல் வயலில் கிடைத்த மரநார் வலை ஒன்று சுமார் 10,000 வருஷங்களுக்கு முற்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அதுவும் முடிச்சிட்ட வலைதான்.

"ஒரு வலை முடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டோம்.

"கண்ணப் பொறுத்தது சார். பெரிய கண்ணு ஒரு மாசம். சின்னக் கண்ணு மூணு மாசம் கூட ஆவும்."

உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்குமா? மனத்திற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சதுரக் கண்ணாக விரிந்த வலையில், ஒரு கண்ணுக்கு ஒரு முடிச்சு வீதம் வரும். முடிச்சுக்கு முடிச்சு 1 சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10,000 முடிச்சுகள். 2 சென்டிமீட்டர் என்றால் 2,500 தான். மூன்று மீட்டர் ஆரமுள்ள வீச்சு வலையின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மீட்டர். பெரிய கண்ணானால் 70,000 முடிச்சு. சிறிய கண்ணானால் 2,80,000 முடிச்சு! முடிச்சுக்கு ஐந்து விநாடி வீதம், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் உழைத்தால், முதலாவதற்கு 24 நாள். இரண்டாவதற்கு 97 நாள். பெரியவர் சொன்ன ஒரு மாதமும் மூன்று மாதமும் கணக்கிற்குச் சரியாக வந்துவிட்டன.

இந்தக் கணக்கிலே ஒரு தர்மம் அடங்கியிருக்கிறது. கண்ணைப் பாதியாகக் குறைத்தால் உழைப்பு நாலு மடங்காகிறது. ஆகையால் கையால் பின்னுகிறவன் அவசியமின்றிச் சிறு கண் வலை பின்னமாட்டான். இறாலுக்கு வேண்டுமானால் பின்னுவான். மற்றபடி பெரிய கண்ணே அவனுக்கு லாபம். பெரிய கண்ணின் வழியே மீன்குஞ்சு தப்பிப்போகும். அடுத்த வருஷம் அதே குஞ்சு மீனாகி வரும். மனிதனுடைய சோம்பலே கடலுக்குக் காவலாக இருந்தது என்று சொன்னாலும் பொருந்தும்.

"குஞ்சப் புடிச்சா நாளைக்கு இன்னாத்த துன்றது?" என்று பெரியவர் அதையே தம் பாஷையில் சொன்னார்.

யந்திரத்துக்கு இந்தச் சிரமம் கிடையாது. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பாட்டர்சன் என்பவர் 1820 வாக்கிலேயே வலை பின்னும் யந்திரத்தை உண்டாக்கினார். நம் கரைக்கு யந்திர வலையும் நைலானும் வந்தது தேசம் சுதந்திரம் அடைந்த பிறகு. அதற்கு முன் பருத்தி நூல், சணப்பு நூல். அவை உப்புத் தண்ணீரில் மக்கிப்போகாதிருக்க, மரப்பட்டைச் சாயத்தில் அடிக்கடி தோய்த்து உலர்த்துவார்கள். நைலானுக்குத் தோய்ச்சலும் வேண்டாம், பாரமும் இல்லை, பல வருஷம் உழைக்கும். இந்த நன்மைகளை மறுப்பது நியாயமன்று. ஆனால் நன்மையோடு வந்தவை வேறு சிலவும் உண்டு. சிறு கண் வலை கடையில் சுலபமாகக் கிடைத்தது. அறுந்து கடலில் விழுந்த நைலான் வலை மட்காமல், எடுப்பாரின்றி, மீனைக் கொன்றுகொண்டே கிடக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் பெண்கள் வலை பின்னிச் சம்பாதித்த கூலி, யந்திரங்கள் வந்தபின் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. முன்பு கையின் களைப்பே செய்த காவலை இப்போது சட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வலைக்கண்ணின் அளவையும் வரையறுக்க வழி செய்திருக்கிறது.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் வந்து தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஊசியை அவன் கையில் கொடுத்தார். பையன் நாலு முடிச்சுப் போட்டான். நான்கும் ஒழுங்காகவே விழுந்தன. உள்ளேயிருந்து அவன் தாய் குரல் கொடுத்தாள்:

"படிக்கிற புள்ள கையில ஊசியக் குடுக்காதீங்க மாமா!"

பெரியவர் சிரித்தார். அந்த அம்மாள் வாசற்படிக்கு வந்து நம்மைக் கண்டு தயங்கி, பிறகு சொன்னாள்: "நீங்களே சொல்லுங்க சார். எண்ணெ வந்தப்ப எங்க வீட்டு வலை அத்தனையும் போச்சு. கழுவிப் பாத்தோம், போவல. இவனும் இதையே புடிச்சுக்கினு இருக்கணுமா?"

அவள் குறிப்பிட்டது கற்பனைக் கஷ்டமன்று. 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகம் முழுவதும் பரவியது. வலைகளும் படகுகளும் அலையாத்தி மரங்களும் கருமை பூண்டன. எண்ணெய் ஊறிய வலை மீண்டும் வலையாவதில்லை. மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் குப்பையாவதைக் கண்ட தாய், மகன் கையில் ஊசியைக் கண்டு பயப்படுவதில் என்ன ஆச்சரியம்? பள்ளிக்கூடத்தில் அமர்ந்து படித்து உத்தியோகம் பெறும் உரிமை அந்தப் பையனுக்கு நம் குழந்தைகளுக்குள்ளது போலவே உண்டு.

ஆயினும் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையையும் இங்கே குறிக்க வேண்டும்.

"மிசினு வலைய பின்னும்மா. கிழிஞ்ச வலைய அடைக்குமா? நடுராத்திரி ஆத்துல கிழிஞ்சா கடைக்கா ஓடுவான்? வேலைக்கிப் போவட்டும், வேணாங்கல. கை தெரிஞ்சிருக்கட்டும்."

மருமகள் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் ஊசியைப் பிடுங்கவும் இல்லை.

நம்முடைய அபிப்பிராயம் இது. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் எடுத்துரைத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலின் வாயிலாகவே கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கலாம் என்றது. ராட்டை சுற்றத் தெரியாத கடற்கரைக் குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான பாடநூல் தாத்தாவின் மடியிலேயே கிடக்கிறது. வட்டத்தின் பரப்பு, சதுரத்தின் பெருக்கம், மீனின் இனப்பெருக்கம், மணலின் ஓட்டம், நூலின் ரசாயனம் இவ்வளவும் ஒரு வீச்சு வலைக்குள் அடங்கும். இந்தப் பகுதிப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம், குப்பத்துப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து ஆசனம் கொடுத்து அமர்த்தி, வலை பின்னக் கற்பிக்கச் செய்யலாம். அவருக்கு மரியாதை, பையனுக்குக் கல்வி. படிப்பும் ஊசியும் பகையென்று தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கழிமுகத்தின் தண்ணீர் தண்ணீராக இருந்தால்தான் அந்தப் பாடத்திற்குப் பொருள் உண்டு. அதைக் காப்பது பள்ளிக்கூடத்தின் வேலை மட்டுமன்று, மின்விளக்கு ஏற்றும் நம் எல்லோருடைய வேலையுமாகும்.

இருட்டத் தொடங்கியது. பெரியவர் அன்றைய சுற்றை முடித்து, கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கி, வலையை ஜன்னல் கம்பியிலிருந்து கழற்றினார். இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. ஆனி மாதத்திற்குள் முடிந்துவிடும் என்றார்.